ஹக்கீமின் கால்கள்

ஹூஸ்டனில் ஐம்பது வயதைத் தாண்டிய யாரிடமாவது பாஸ்கெட்பால் ஆட்டக்காரர் ஹக்கீம் ஒலாஜுவான் பேரை எடுத்துப் பாருங்கள். பேசிக்கொண்டே எழுந்து நிற்பார். முதுகைக் காட்டித் திரும்பி, இல்லாத பந்தை இரண்டு கையாலும் பிடித்து, தோளை ஒரு பக்கம் வெட்டி, மறு பக்கம் சுழல்வார். மூட்டு வலிக்காரர்கூட இதைச் செய்ததைப் பார்த்திருக்கிறேன். மற்ற ஆட்டக்காரர்களைப் பற்றிப் பேசும்போது ஜனங்கள் ஸ்கோரைச் சொல்வார்கள், கோப்பையைச் சொல்வார்கள். ஹக்கீமை மட்டும் நடித்துக் காட்டுவார்கள்.

அந்த ஆட்டத்தின் உயிர் முழுக்கக் காலில் இருந்ததுதான் காரணம். ஏழடி என்று அணிப் பட்டியலில் போட்டிருக்கும். நிஜத்தில் அதைவிடச் சற்றுக் குறைவு. அப்போதெல்லாம் சென்டர் என்றால் ரிங்குக்கு அடியில் முதுகால் இடித்து இடம் பிடித்து, கிட்டத்திலிருந்து ஹூக் ஷாட்டோ டங்க்கோ போடுகிறவர். உயரமும் எடையும் இருந்தால் பாதி வேலை முடிந்தது. ஹக்கீம் அந்த இடத்தில் நின்றுகொண்டு, தன்னைவிட ஓரடி குள்ளமான, பந்தைத் தட்டிக்கொண்டு ஓடுகிற ‘கார்டு’ ஆட்டக்காரர்கள் செய்கிற வேலையைச் செய்தார்.

நான் மேல்படிப்புக்கு ஹூஸ்டன் போனது தொண்ணூறுகளின் தொடக்கத்தில். கிரிக்கெட் தவிர எதையும் உட்கார்ந்து பார்த்ததில்லை. அபார்ட்மென்டில் கூட இருந்தவர்களில் ஒருவர் பெரியகுளத்துக்காரர், என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். கோடை வந்தால் அகில இந்திய பாஸ்கெட்பால் போட்டி நடக்கிற ஊர் அது. வெளியூர் டீம்களை கேலரியில் உட்கார்ந்து பார்த்தே வளர்ந்தவர், பள்ளி அணியில் சென்டராகவும் ஆடியவர். ஹக்கீம் ஆடிய ஹூஸ்டன் ராக்கெட்ஸ் அணியின் ஆட்டம் டிவியில் ஓடும்போது நான் பந்து போகிற பக்கமெல்லாம் கண்ணை ஓட்டிக்கொண்டிருப்பேன்.

“தம்பி, பந்தைப் பாக்காத. அது எங்க சுத்தினாலும் கடைசில இவன்கிட்டதான் வரும். இவன் காலைப் பாரு.”

“கால்ல என்னண்ணே இருக்கு?”

“ஆட்டமே அங்கதான்யா இருக்கு. பேசாமப் பாரு.”

பார்த்தேன். லோ போஸ்ட் என்பது ரிங்குக்குப் பக்கவாட்டில், பெயின்ட்டின் (ரிங்குக்கு முன்னால் வண்ணம் பூசிய பகுதி) ஓரக் கோட்டை ஒட்டிய இடம். அங்கே முதுகைக் காட்டி நிற்பார். பந்து வரும். இரண்டு கையாலும் வாங்கித் தாடைக்குக் கீழே வைத்துக்கொள்வார். அடுத்த அரை விநாடி ஒன்றுமே நடக்காது. பின்னால் ஒட்டி நிற்கிற ஆளின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்பதை அவர் முதுகாலேயே தெரிந்துகொள்கிற நேரம் அது. பிறகு நடுப்பக்கமாக ஒரு தோள் வெட்டு. டிஃபெண்டர் அசையவில்லையா, அந்தப் பக்கமே திரும்பிச் சின்னதாக ஒரு ஹூக். அசைந்துவிட்டாரா, ரிங்குக்குப் பின்னால் இருக்கிற எல்லைக் கோடான பேஸ்லைன் பக்கம் சுழன்று பின்னால் சாய்ந்தபடி குதித்து ஷாட். அந்த ஷாட்டைத் தடுக்கக் கையைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தாரா, அப்போதுதான் தெரியும், ஹக்கீம் குதிக்கவே இல்லை, பந்தை மட்டும் தூக்கிக் காட்டியிருக்கிறார். டிஃபெண்டர் அந்தரத்தில் இருக்கும்போதே இவர் அவருக்கு அடியில் ஒரு எட்டு வைத்து உள்ளே புகுந்து லே-அப் போட்டுவிடுவார். எதிரணி பெஞ்சிலிருந்து ‘டிராவல், டிராவல்’ என்று, அதாவது பந்தைத் தட்டாமல் கையில் வைத்துக்கொண்டே நடந்துவிட்டார் என்று கத்துவார்கள். ரீப்ளேயைப் போட்டுப் பார்த்தால், ஊன்றிச் சுழல்கிற பிவட் கால் வைத்த இடத்தில் அப்படியே இருக்கும்.

இதற்கு ‘ட்ரீம் ஷேக்’ என்று பேர் வந்துவிட்டது. கால்பந்தில் பழகிய அசைவைத்தான் பாஸ்கெட்பாலுக்குக் கொண்டுவந்தேன் என்று அவரே சொல்லியிருக்கிறார். லாகோஸில் 1963-ல் பிறந்தவர். சிறுவயதில் ஆடியது ஹேண்ட்பாலும் கால்பந்தும், கால்பந்தில் கோல்கீப்பர். பாஸ்கெட்பாலைத் தொட்டதே பதின்வயதின் நடுவில். 1980-ல் ஹூஸ்டன் பல்கலைக்கழகத்துக்கு வந்து, பயிற்சியாளர் கை லூயிஸிடம் சேர்ந்து, முதல் வருடம் போட்டிகளில் ஆடாமல் பயிற்சி மட்டும் எடுத்தார். கோடையில் ஹூஸ்டனின் ஃபாண்டி ஜிம்மில் மோசஸ் மலோனோடு மோதிப் பழகினார். அன்றைக்கு அமெரிக்காவிலேயே பெரிய சென்டர்களில் ஒருவர், எதிராளியை இடித்துத் தள்ளுவதில் கில்லாடி. பிள்ளைப் பருவத்துக் காலசைவும் மலோனிடம் வாங்கிய இடியும் ஒரே உடம்பில் சேர்ந்ததால்தான் இப்படி ஒரு ஆள் உருவானார் என்பது என் கணிப்பு. இதில் ஒன்று குறைந்திருந்தாலும் அவர் நல்ல சென்டர்தான், ஆனால் நாங்கள் இன்றைக்கும் எழுந்து நின்று நடித்துக் காட்டுகிற ஆளாக இருந்திருக்க மாட்டார்.

கல்லூரிக் காலத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1983 இறுதிப் போட்டியில் நார்த் கரோலைனா ஸ்டேட்டிடம் கடைசி விநாடியில் 54-52 என்று தோற்றார்கள். தோற்ற அணியில் இருந்தபோதும் அந்தத் தொடரின் சிறந்த வீரர் விருது ஹக்கீமுக்கே கொடுக்கப்பட்டது. அடுத்த வருடமும் இறுதியில் தோல்வி. இந்தமுறை பேட்ரிக் யூயிங்கின் ஜார்ஜ்டவுனிடம். தொழில்முறை அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாகத் தேர்ந்தெடுக்கிற டிராஃப்டில், 1984-ல், ராக்கெட்ஸ் அவரை முதல் ஆளாக எடுத்தது. அதே டிராஃப்டில் மூன்றாவதாகப் போனவர் மைக்கேல் ஜோர்டான். ஜோர்டானை விட்டுவிட்டார்களே என்று இரண்டாவதாக எடுத்த போர்ட்லாண்டை இன்றைக்கும் கிண்டல் செய்கிறார்கள். ஹூஸ்டனை யாரும் ஒரு வார்த்தை சொல்வதில்லை.

அவரைப் பற்றிய பேச்சு எப்போதும் ட்ரீம் ஷேக்கோடு நின்றுவிடுவது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான். பந்து எதிரணியிடம் இருக்கும்போதுதான் அவரைப் பார்க்க வேண்டும். எதிராளி போடுகிற ஷாட்டைத் தட்டிவிடுவது பிளாக். அவருக்கு 3,830 பிளாக், அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்பிஏவின் வரலாற்றில் யாருக்கும் இல்லாத எண்ணிக்கை. (பிளாக்குகளைக் கணக்கெடுக்கத் தொடங்கியதே 1973-74 சீசனில்தான், அதற்கு முந்தைய காலத்துப் பெரிய சென்டர்களான பில் ரஸல், வில்ட் சேம்பர்லின் தட்டிவிட்டவற்றுக்குக் கணக்கே கிடையாது. அதையும் சொல்லிவிடுவதுதான் நியாயம்.) அதோடு 2,162 ஸ்டீல், அதாவது எதிராளியிடமிருந்து பந்தைப் பறித்தவை. கார்டுகள் பெருமைப்படுகிற எண்ணிக்கை அது. பிளாக், ஸ்டீல் இரண்டிலும் இரண்டாயிரத்தைத் தாண்டியவர் அவர் ஒருவரே. 1988-89-ல் ஒரே சீசனில் இரண்டிலும் இருநூறைத் தாண்டினார்.

ஆனால் அவரைத் தொடர்ந்து பார்த்தவர்களுக்கு இந்த எண்கள் பாதிக் கதைதான். எதிரணிக் கார்டு ஒருவர் தன் ஆளைத் தாண்டி பெயின்ட்டுக்குள் பாய்வார். பாதை திறந்திருக்கும். இரண்டு எட்டு வைத்ததும் ஓரக்கண்ணில் ஹக்கீம் தட்டுப்படுவார். உடனே பந்தை வெளியே தள்ளிவிட்டு வந்த வழியே திரும்பிப் போவார். அதை எந்தப் புள்ளிவிவரத்திலும் எழுத மாட்டார்கள். ஒரு ராத்திரியில் இப்படி எத்தனையோ தடவை நடக்கும். பெரியகுளத்து அண்ணன் அதற்கெல்லாம் தொடையைத் தட்டுவார். “பாத்தியா, பயந்துட்டான்” என்பார். டிவியில் வர்ணனை செய்கிறவர் வேறு எதையோ பேசிக்கொண்டிருப்பார்.

1992-ல் எல்லாம் முடிந்துபோயிருக்க வேண்டியது. நிர்வாகத்துக்கும் அவருக்கும் ஆகவில்லை. காயத்தைக் காரணம் காட்டி ஆடாமல் இருக்கிறார் என்று அணித் தரப்பிலிருந்தே குற்றச்சாட்டு. வேறு அணிக்கு அனுப்பிவிடுங்கள் என்று அவர் கேட்டார். அந்தச் சீசனின் முதல் ஆட்டங்கள் ஜப்பானில், யோகோஹாமாவில். நீண்ட விமானப் பயணத்தில் அணி உரிமையாளர் சார்லி தாமஸும் அவரும் மனம்விட்டுப் பேசிக்கொண்டார்கள், சிக்கல் அவிழ்ந்தது. அந்தப் பேச்சு நடக்காமல் இருந்திருந்தால் ஹூஸ்டனுக்குக் கோப்பையே கிடையாது. அந்த விமானத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

1993-94-ல் மதிப்புமிக்க வீரர், சிறந்த தற்காப்பு வீரர், இறுதித் தொடரின் சிறந்த வீரர் என்று மூன்று விருதுகளையும் ஒரே சீசனில் வாங்கினார். வேறு யாரும் இதைச் செய்ததில்லை. ஆனால் அந்த வசந்தம் எங்களுக்குச் சுகமாக ஆரம்பிக்கவில்லை. ஃபீனிக்ஸுக்கு எதிரான தொடரின் முதல் இரண்டு ஆட்டங்களையும் சொந்த மைதானத்திலேயே தோற்றோம், இரண்டிலும் பெரிய முன்னிலையைக் கோட்டைவிட்டு. இரண்டாவதில் கடைசிக் குவார்ட்டரில் இருபது பாயின்ட் முன்னிலை இருந்தது. ‘சோக் சிட்டி’ (Choke City, நெருக்கடியில் திணறித் தோற்கிற ஊர்) என்று உள்ளூர் நாளிதழே தலைப்புப் போட்டது. ஊருக்கு அது புண்ணில் கோல் விட்ட மாதிரி. முந்தின வருடம்தான் ஊர் அமெரிக்கன் ஃபுட்பால் அணியான ஆயிலர்ஸ், பஃபலோவிடம் 32 பாயின்ட் முன்னிலையை இழந்து தோற்றிருந்தது. அலுவலகத்தில், மளிகைக் கடையில், எங்கும் ஒரே புலம்பல். அடுத்த ஐந்தில் நான்கை ஜெயித்து ராக்கெட்ஸ் தொடரைக் கைப்பற்றியதும் பேர் ‘கிளட்ச் சிட்டி’ (Clutch City, நெருக்கடியில் கைகொடுக்கிற ஊர்) என்று மாறியது. இன்றைக்கும் ஊரில் அந்தப் பேர் ஓடுகிறது.

நியூயார்க்குக்கு எதிரான இறுதித் தொடர் அழகான ஆட்டம் இல்லை. இரண்டு பக்கமும் இடித்து, இழுத்து, குறைந்த ஸ்கோரில் இழுபறி. ஆறாவது ஆட்டம், தி சம்மிட் அரங்கம். தொடரில் நியூயார்க் 3-2 முன்னிலை, இன்னும் ஒன்று ஜெயித்தால் கோப்பை அவர்களுக்கு. நாங்கள் 86-84 என்று முன்னே இருக்கிறோம், சில விநாடிகள்தான் பாக்கி. நியூயார்க்கின் ஜான் ஸ்டார்க்ஸ் அன்றைக்கு நெருப்பாக ஆடிக்கொண்டிருந்தார், கடைசிக் குவார்ட்டரில் மட்டும் 16 பாயின்ட். அவர் மூன்று பாயின்ட் கோட்டுக்கு வெளியிலிருந்து எழும்பினார். போயிருந்தால் அந்த நொடியே கோப்பை நியூயார்க்குக்கு. இப்போது நியூயார்க்கின் சென்டராக இருந்த யூயிங்கைக் காவல் காத்துக்கொண்டிருந்த ஹக்கீம், அவரை விட்டுவிட்டு ஸ்டார்க்ஸை நோக்கி நகர்ந்திருந்தார். ஒரு சென்டர் அந்தத் தூரத்துக்கு வெளியே வருவதே அந்தக் காலத்தில் வழக்கமில்லை. வந்து, குதித்து, விரல் நுனியால் பந்தைத் தொட்டார். அது ரிங்குக்கு முன்னாலேயே விழுந்தது. எங்கள் அபார்ட்மென்டில் கீழ்வீட்டுக்காரர் விளக்குமாற்றால் கூரையை இடித்தார், அவ்வளவு சத்தம். ஏழாவது ஆட்டத்தை 90-84 என்று ஜெயித்தோம். நம்பமாட்டீர்கள், ஏழாவதைவிட ஆறாவதைப் பற்றித்தான் இன்றைக்கும் பேச்சு.

அடுத்த வருடம், 1995. வழக்கமான சீசனில் 47 வெற்றி, 35 தோல்வி, மேற்குப் பிரிவில் ஆறாவது இடம். பிப்ரவரியில் ஹக்கீமின் கல்லூரித் தோழர் கிளைட் டிரெக்ஸ்லரைக் கொண்டுவந்தார்கள். அந்த பிப்ரவரி ரமலான் மாதம். நோன்பு நாளில் ஹக்கீம் ஒரு சொட்டுத் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். ராத்திரி ஆட்டம் என்றால் பரவாயில்லை, சூரியன் இறங்கியபிறகு நோன்பு திறந்துவிட்டு வரலாம். பகல் ஆட்டம் என்றால் டைம் அவுட்டில் மற்றவர்கள் மடக்கு மடக்காகக் குடிப்பார்கள், இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொள்வதோடு சரி. அந்த மாதத்துக்கான சிறந்த வீரர் விருதும் அவருக்குத்தான் வந்தது. எங்களோடு ஆட்டம் பார்க்க வந்த ஹைதராபாத் நண்பர் ஒருவர் தானும் நோன்பிருந்துகொண்டு அந்த மாதம் முழுக்க ராக்கெட்ஸ் ஆட்டங்களைப் பார்த்தார். அவர் முகத்தில் இருந்த பெருமையை நான் வேறு எந்த ரசிகரிடமும் பார்த்ததில்லை.

சீசன் முடிந்ததும் கோப்பைக்காக நடக்கிற பிளே ஆஃபில், 60 வெற்றி எடுத்த யூட்டா, 59 எடுத்த ஃபீனிக்ஸ், 62 எடுத்த சான் அன்டோனியோ, 57 எடுத்த ஆர்லாண்டோ, நாலு பேரையும் வரிசையாகச் சாய்த்தார்கள். ஆறாவது இடத்திலிருந்து கோப்பையைத் தூக்கிய ஒரே அணி அது. இதில் சான் அன்டோனியோ தொடரைப் பற்றி மட்டும் ஒரு புத்தகமே எழுதலாம்.

அந்த வருடம் மதிப்புமிக்க வீரர் விருது சான் அன்டோனியோவின் சென்டர் டேவிட் ராபின்சனுக்கு. தகுதியானவர்தான். உயரம், வேகம், கட்டான உடம்பு, தற்காப்பிலும் விருது வாங்கியவர். அவரைத் திணற அடிக்க முடியும் என்று யாரும் நினைக்கவில்லை. இரண்டாவது ஆட்டத்துக்கு முன்னால், சான் அன்டோனியோ மைதானத்தில், ஹக்கீம் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ராபின்சன் கையில் அந்தக் கோப்பையைக் கொடுத்தார்கள். அன்றைக்கு ஹக்கீம் 41 பாயின்ட் எடுத்தார். அந்த ஆட்டத்தில் ஒரு கட்டம் உண்டு. ஹக்கீம் பந்தோடு நடுப்பக்கம் வருகிறார், சட்டென்று சுழல்கிறார், பந்தைத் தூக்கிக் காட்டுகிறார், ராபின்சன் முழு உடம்போடு மேலே எழும்புகிறார், அவர் இறங்குவதற்குள் ஹக்கீம் அடியில் புகுந்து பந்தைப் போட்டுவிட்டு வருகிறார். ராபின்சன் அந்த இடத்தில் ஒரு தப்பும் செய்யவில்லை. ஒவ்வொரு அசைவுக்கும் பாடப்புத்தகத்தில் இருக்கிற சரியான பதிலைத்தான் கொடுத்தார். பதில் வருவதற்குள் கேள்வி மாறிவிட்டது. தொடர் முழுவதிலும் ஹக்கீமின் சராசரி 35.3.

அன்றைய விதிகளுக்கும் இதில் பங்குண்டு. ஆளைக் காக்காமல் இடத்தைக் காக்கிற ஸோன் டிஃபென்ஸுக்கு என்பிஏவில் அப்போது அனுமதி இல்லை. உதவிக்கு வருகிறவர் ஒன்று முழுசாக ஓடிவந்து இன்னொருவரோடு சேர்ந்து இரண்டு பேராக மடக்க (டபுள் டீம்) வேண்டும், இல்லையென்றால் தன் ஆளோடு இருக்க வேண்டும். நடுவில் மிதந்துகொண்டிருக்கக் கூடாது. பயிற்சியாளர் ரூடி டோம்ஜனோவிச் அதை வைத்தே அணியைக் கட்டினார். ஹக்கீமைச் சுற்றி கென்னி ஸ்மித், ராபர்ட் ஹோரி, மாரியோ எலீ, சாம் கசெல் என்று தூரத்திலிருந்து போடத் தெரிந்தவர்கள். உதவிக்கு ஆள் ஓடினால் பந்து வெளியே போகும், மூன்று பாயின்ட். ஓடாவிட்டால் ஹக்கீமோடு தனியாக மாட்டிக்கொள்ள வேண்டும். இன்றைய அணிகள் எல்லாம் ஆடுகிற இடைவெளி ஆட்டத்தின் ஆரம்ப வடிவங்களில் ஒன்று அது என்று நான் உறுதியாகச் சொல்வேன்.

இறுதித் தொடரின் முதல் ஆட்டம் ஆர்லாண்டோவில் ஓவர்டைமுக்குப் போனது. டிரெக்ஸ்லர் போட்டது ரிங்கில் பட்டுத் தவறியது. பந்து இறங்குகிற இடத்தில் ஹக்கீமின் கை இருந்தது. ஒரு தட்டு. கடிகாரத்தில் 0.3 விநாடி. 120-118. எதிரில் இளம் ஷக்கீல் ஓ’நீல், அவரைவிடப் பலமடங்கு பலசாலி. 4-0 என்று முடிந்தது.

ஷூ விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஆட்டக்காரர்கள் பேர் போட்ட விலை கூடிய ஷூக்களுக்காகப் பிள்ளைகளை அடித்துப் பறிப்பதும் உயிர் போவதும் செய்தியாக வந்துகொண்டிருந்த காலம். ஹக்கீம் ஸ்பால்டிங்கோடு சேர்ந்து 35 டாலர் அளவில் ஷூ கொண்டுவந்தார். கூலி வேலைக்குப் போகிற ஒரு தாய் மூன்று பிள்ளைகளுக்கு எப்படி 120 டாலர் ஷூ வாங்குவாள் என்பதுதான் அவர் கேட்ட கேள்வி. உதவித்தொகையில் மாதத்தை ஓட்டிக்கொண்டிருந்த எங்கள் அபார்ட்மென்டில் அந்த ஷூ இருந்தது. அவர்மேல் எங்களுக்கு இருந்த பிரியம் ஆட்டத்தைத் தாண்டியதற்கு அதுவும் ஒரு காரணம்.

2001-ல் டொராண்டோவுக்குப் போனார், ஒரு சீசன் ஆடினார், முதுகு வலியோடு ஓய்வு பெற்றார். அந்த வருடத்தைப் பற்றி ஹூஸ்டனில் யாரும் பேசுவதில்லை, நானும் பேசப் போவதில்லை.

ராக்கெட்ஸின் இப்போதைய அரங்கத்துக்கு வெளியே அவருக்கு ஒரு சிலை உண்டு. வெண்கலத்தில் 34-ஆம் எண் ஜெர்சி, அவ்வளவுதான். அவருடைய சமய நம்பிக்கையை மதித்து ஆள் உருவம் வைக்கவில்லை. கோப்பைகளை ஜெயித்த தி சம்மிட் இப்போது லேக்வுட் தேவாலயம். ஊருக்கு வருகிற நண்பர்களை அந்த வழியாக ஓட்டிப்போகும்போது, ஸ்டார்க்ஸ் ஷாட்டைத் தட்டியது இந்தக் கட்டடத்துக்குள்ளேதான் என்று சொல்லாமல் இருக்க என்னால் முடிவதில்லை.

ஓய்வுக்குப் பிறகு இளையவர்கள் அவரைத் தேடி வந்தார்கள். 2009-ல் கோபி பிரையன்ட் வந்து லோ போஸ்ட் அசைவுகளைக் கற்றுக்கொண்டு போனார். 2011 இறுதித் தொடரில் டல்லாஸிடம் தோற்ற லெப்ரான் ஜேம்ஸ் அந்தக் கோடையில் வந்தார். அடுத்த வருடம் முதல் கோப்பையை வாங்கினார். பிறகு டிவியில் லெப்ரான் போஸ்டில் முதுகைக் காட்டித் தோளை வெட்டும்போதெல்லாம் பெரியகுளத்து அண்ணனிடமிருந்து எனக்குப் போன் வரும். “நம்ம ஆள் சொல்லிக்குடுத்தது!”

ஹக்கீமைப் பார்க்காத தலைமுறை யூடியூபில் ஐந்து நிமிடத் துணுக்குகளைப் பார்த்துவிட்டு அவரைப் புரிந்துகொண்டதாக நினைக்கிறது. துணுக்குகளில் முழுக்க முழுக்க ட்ரீம் ஷேக்தான் இருக்கும். 1995 சான் அன்டோனியோ தொடரின் ஒரு ஆட்டத்தைத் தேடியெடுத்து முழுசாகப் பாருங்கள். சான் அன்டோனியோ கையில் பந்து இருக்கும்போது ஹக்கீம் எங்கே நிற்கிறார், கார்டு பெயின்ட்டுக்குள் வந்ததும் எத்தனை எட்டு நகர்கிறார், அந்த கார்டு எந்த இடத்தில் மனதை மாற்றிக்கொள்கிறார் என்று கவனியுங்கள். நாலைந்து முறை பார்த்தால் பிடிபட்டுவிடும். அதற்குப் பிறகு எந்த சென்டரைப் பார்த்தாலும் முதலில் அங்கேதான் உங்கள் கண் போகும்.